பின்னலுக்குள் நெளி வந்த கதை

அந்தக் காலத்தில் கரடிக்கு வழவழவென்று நீண்ட முடி இருந்தது. நம்ப மாட்டீர்கள், தெரியும். இன்றைக்குக் கரடியைப் பார்க்கிற யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அப்போது அது நடந்தால் முடி தரையைத் தொட்டுக்கொண்டு பின்னாலேயே வரும். நெருப்பு அன்று அடுப்புக்குள் அடங்கியிருக்கவில்லை. மலைக் குகை ஒன்றில் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கரடி பேசும், நெருப்பு பேசும், ஆறும் பேசும். பேச வராதது கைக்குழந்தை மட்டும்தான். இந்தக் கதையில் வந்த சங்கடமெல்லாம் அதனால் வந்ததுதான்.

மலையடியில், ஆற்றங்கரையில் ஓர் ஊர். அங்கே எல்லோருக்கும் கயிறு பின்னத் தெரியும். தாழை நாரை ஊறவைத்து, மூன்று காலாகப் பிரித்துப் பின்னுவார்கள். ஆட்டைக் கட்டப் பின்னுவார்கள், தொட்டில் கட்டப் பின்னுவார்கள், தேன் எடுக்கப் பாறையில் இறங்குவதற்குப் பின்னுவார்கள். தலையில் இருப்பதைப் பின்னலாம் என்று மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அள்ளிக் கொண்டை போடுவார்கள், இல்லாவிட்டால் அப்படியே தொங்கவிடுவார்கள். கையில் வித்தையை வைத்துக்கொண்டு இத்தனை தலைமுறை சும்மா இருந்திருக்கிறார்களே என்று எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது.

அந்த ஊரில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். அக்கா செண்பகம், தங்கை வடிவு. வடிவின் முடி முழங்காலைத் தாண்டும். ஈர்க்கு மாதிரி நேராக இருக்கும். எறும்பு ஏறினால் வழுக்கி விழும் என்று ஊரில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களுக்கு உள்ளே வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை. செண்பகத்தின் முடி அவ்வளவு நீளம் கிடையாது, ஆனால் உச்சியிலிருந்து நுனிவரை நெளி நெளியாக இறங்கும். சுற்றுவட்டாரத்தில் நெளி முடி அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

செண்பகத்துக்கு ஒரு பெண் குழந்தை, பேர் பவளம். எட்டு மாதம். பால் குடிக்கும்போதும் சரி, தூங்கும்போதும் சரி, அம்மாவின் முடியில் ஒரு கொத்தைக் கைக்குள் பிடித்துக்கொள்ளும். நெளியெல்லாம் அந்தச் சின்ன விரல்களுக்கு நடுவே வசமாக உட்கார்ந்துகொள்ளும். பிடி கிடைத்தால்தான் வாய் திறக்கும், பிடி கிடைத்தால்தான் கண் மூடும்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் செண்பகத்தை நாலே நாளில் கொண்டுபோய்விட்டது.

அவள் புருஷன் சுடலை ஆடு மேய்க்கிறவன். அடக்கம் முடிந்து வந்தவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வடிவுதான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஆட்டுப்பாலைக் கறந்து வடிகட்டி, சங்கில் ஊற்றிப் புகட்டினாள். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. துளி உள்ளே போனாலும் துப்பியது. துணியை நனைத்து உதட்டில் பிழிந்தால் நாலு சொட்டு இறங்கும், அவ்வளவுதான்.

“அத்தான், புள்ள பாலைத் தொட மாட்டேங்குது” என்றாள் வடிவு.

“பசிச்சா குடிக்கும்” என்றான் சுடலை. திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் போயிற்று. குழந்தையின் கன்னம் ஒட்டிவிட்டது. இரண்டாம் நாள் மதியம் வடிவின் கொண்டை அவிழ்ந்து முடி மடியில் விழுந்தது. உடனே குழந்தையின் கை எழுந்தது. முடியைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் வழுக்கியது. மறுபடி பிடித்தது, மறுபடி வழுக்கியது. விரல்கள் விரிவதும் மூடுவதுமாகக் காற்றில் தேடின. பிறகு குழந்தை வீறிட்டு அழுதது. அப்போதுதான் வடிவுக்கு விளங்கியது. குழந்தை பாலை வெறுக்கவில்லை. அக்காவின் நெளியைத் தேடுகிறது. ஊரே பொறாமைப்பட்ட அந்த நேர் முடி, இந்தப் பச்சைப் பிள்ளைக்கு ஒரு பிடிகூடத் தரவில்லை. வடிவுக்குத் தன் தலைமேலேயே கோபம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் குழந்தையைச் சுடலையின் மடியில் வைத்துவிட்டுக் கரடியைத் தேடிப் போனாள். முடி விஷயம் என்றால் அந்தப் பக்கத்தில் கரடியை விட்டால் ஆள் கிடையாது. நாள் முழுக்க முடியைக் கோதுவதுதான் அதன் உத்தியோகம்.

“நேர் முடியை நெளி ஆக்கணும்ணே. சீக்கிரம் ஆக்கணும்” என்றாள்.

“இதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்த? நெருப்புகிட்டப் போனா ஆச்சு. மூங்கிலையே வளைக்கிறவன். வா, நானும் வாறேன். எனக்கும் ரொம்ப நாளா அந்த ஆசை உண்டு” என்றது கரடி.

இருவரும் குகைக்குப் போனார்கள். நெருப்பு உள்ளேயிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

“முடியா? முடி எம்மாத்திரம்? கண்ணை மூடித் திற, முடிஞ்சுரும்” என்றது.

“பெறகு?” என்று கேட்டாள் வடிவு.

“பெறகுன்னா?”

“புள்ள பிடிச்சு இழுக்கும். பிடிச்சிட்டே தூங்கும். முடி தாங்குமா?”

“வளைக்கிறதுதான் என் வேலை. தாங்குறதெல்லாம் உன் பாடு” என்றது நெருப்பு.

வடிவு யோசித்தாள். கரடிக்கு யோசிக்கப் பொறுமையில்லை. “நீ தள்ளு தாயி, முதல்ல நான்” என்று அவளை ஓரங்கட்டிவிட்டு முதுகைக் காட்டி நின்றது. நெருப்பு ஒரே ஒருமுறை தடவிக் கொடுத்தது. அவ்வளவுதான். கரடியின் முடி பிடரியிலிருந்து தரைவரை நெளி நெளியாக எழுந்து நின்றது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அழகு என்றால் அப்படியோர் அழகு. பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் கரடி தன்னைப் பார்த்தது, இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது, வலப்பக்கம் திரும்பிப் பார்த்தது. வடிவும் கண் எடுக்காமல் பார்த்தாள். வீட்டில் குழந்தை கிடக்கிற நினைப்பு வந்ததும் கொண்டையை அவிழ்த்துவிட்டு, நெருப்புக்கு முன் மண்டியிட்டாள். முழங்காலைத் தாண்டும் அந்த முடி மண்ணில் பரந்து கிடந்தது. நெருப்பு கையை நீட்டியது. பிடரியில் சூடு பட்டது.

“கொஞ்சம் இரு” என்றாள் வடிவு. “கரடியண்ணே, இங்கிட்டு வா.”

கரடி ஒய்யாரமாக வந்தது. வடிவு கையைக் குழந்தையின் கையளவுக்கு ஒடுக்கி, கரடியின் முதுகு முடியில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். பலமாக அல்ல, எட்டு மாதக் குழந்தை இழுக்கிற அளவுக்குத்தான். பிடித்த கொத்து பிடித்தபடி கையோடு வந்துவிட்டது. விரலை விரித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தீய்ந்த நாற்றம் குகையெல்லாம் நிறைந்தது.

“ஐயையோ, எம்முடி! நீ ஏன் பிடிச்சு இழுத்த?” என்று கரடி அலறியது.

“புள்ள இழுக்குமேண்ணே.”

கரடி கையால் தடவத் தடவ இன்னும் உதிர்ந்தது. பதறிப்போய் முள்ளுக்காட்டுக்குள் ஓடியதில் பாதி அங்கே போயிற்று. மிச்சம் நின்றது ஒரு இடத்தில் நீளம், ஒரு இடத்தில் குட்டை, எங்கும் சொரசொரப்பு. இன்றைக்கும் கரடியின் மேல் இருப்பது அந்த மிச்சம்தான். தீப்பந்தத்தைக் கண்டால் அது ஓடுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம்.

வடிவு எழுந்து முடியை உதறிக் கட்டிக்கொண்டாள். கண் மூடித் திறப்பதற்குள் கிடைக்கவிருந்ததை வேண்டாம் என்று திரும்பி நடந்தாளே, அந்த நிதானத்தை என்னவென்று சொல்வது! வீட்டில் பிள்ளை பட்டினி. அந்த நிலையிலும் அவள் இழுத்துப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலை ஆற்றுக்குப் போனாள். ஆட்டுக்குட்டி கடித்துக் குதறிய பழைய கயிறு ஒன்று அவள் கையில் இருந்தது. தொட்டிலுக்கு ஒட்டுப் போட எடுத்து வந்தது. கரையில் உட்கார்ந்தவள் ஆற்றைப் பார்த்து அழுதாள்.

“ஆத்தா, உன் மேல இத்தனை அலை போகுதே. அதுல ஒண்ணை என் தலைக்குக் குடு.”

“எதைக் குடுக்க?” என்றது ஆறு. “எங்கிட்ட எந்த அலையும் நிக்கிறதில்ல. இப்பப் பாத்தியே, அதுவும் போயிட்டு. எங்கிட்ட இருக்கிறது ஈரந்தான். வேணும்னா அள்ளிக்க.”

“ஈரத்தை வச்சு நான் என்ன செய்ய?”

“அது எனக்கென்ன தெரியும்? நான் பள்ளத்தைப் பாத்துப் போறவ.”

வடிவுக்கு ஆத்திரமாக வந்தது. கை பழக்கத்தில் அந்தக் கயிற்றைப் பிரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நார் பிரிந்து மடியில் விழுந்தது. அதைப் பார்த்தவள் அழுகையை நிறுத்தினாள். போன கோடையில் அவளே ஊறவைத்துப் பின்னிய நார் அது. பின்னும்போது நேராக இருந்தது. இப்போது நெளி நெளியாகக் கிடந்தது. எடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள். அறவில்லை. விட்டால் மறுபடி நெளிந்துகொண்டது.

கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆற்றில் தலைமுழுக முங்கினாள். கரையேறி, தண்ணீர் சொட்டச் சொட்ட முடியை மூன்று காலாகப் பிரித்து, ஆட்டுக்கயிறு பின்னுகிற மாதிரி இறுக்கிப் பின்னினாள். உலகத்தில் தலைமுடியைப் பின்னிய முதல் பெண் அவள்தான். அன்று அவளுக்கு அந்தப் பெருமை தெரியவில்லை. தலைவலிதான் தெரிந்தது. பொழுது சாயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அவிழ்த்தாள். வேரெல்லாம் எரிந்தது. இழுத்துப் பிரித்ததில் ஒரு கை முடி அறுந்து வந்தது. உள்ளே இன்னும் ஈரம். நெளி வந்த மாதிரி வந்து தொங்கிப் போயிற்று. ஆனால் குழந்தை பிடித்தது. ஒரு சங்கில் கால்வாசி குடித்தது. பிறகு பிடி வழுக்கிவிட்டது.

ஈரம்தான் தப்பு என்று நினைத்தாள். ஐந்தாம் நாள் முடியை நன்றாகக் காயவைத்துவிட்டுப் பின்னினாள். சாயங்காலம் அவிழ்த்ததும் அது ஒன்றுமே நடக்காத மாதிரி நேராக விழுந்தது. அன்று குழந்தை அழவில்லை. சுடலை முதல்முறையாகச் சுவரைவிட்டுத் திரும்பினான்.

“வடிவு, இது அழக்கூட மாட்டேங்குதே” என்றான்.

ஆறாம் நாள் காலை. வடிவு ஆற்றில் குளித்துவிட்டுக் கரையில் நின்றாள். பின்னவில்லை. நாரைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் யாராவது பின்னுவார்களா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நாரை உதறி, நிழலில் போட்டு, கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர வேண்டும், ஆனால் கன்னம் நனையக் கூடாது. அந்தப் பதத்தில்தான் பின்னுவார்கள். சின்ன வயசிலிருந்து செய்கிற வேலை, தன் தலை என்றதும் மறந்து போயிற்று. துணியால் முடியை முறுக்காமல் ஒற்றியெடுத்தாள். புங்க மரத்து நிழலில் காற்றுக்கு விரித்தாள். சிக்கை நுனியிலிருந்து மேலே மேலே விரலால் எடுத்தாள். ஒரு கொத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்தது. நனைக்கவில்லை.

இன்னொன்றும் யோசித்தாள். ஆட்டுக்கயிற்றை இறுக்கிப் பின்னுவது ஆட்டை இழுத்து நிறுத்த. இது ஒரு குழந்தை பிடித்துக்கொள்வதற்கு. இதை எதற்கு இறுக்க வேண்டும்? முடியை இரண்டாக வகிர்ந்து, தளரத் தளர இரண்டு பின்னல் போட்டாள். நுனியைக் கிழிந்த சேலைத் துணியால் மெத்தென்று கட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஊர்ப் பெண்கள் விடுவார்களா?

“ஏட்டி வடிவு, உன்னை எந்த மரத்துல கட்டப் போறாவ?” என்றாள் ஒருத்தி.

“ரெண்டு கயிறு போட்டிருக்கா, துள்ளுற ஆடு போல” என்றாள் இன்னொருத்தி.

வடிவு வீட்டுக்கு வந்து குழந்தையின் உதட்டில் பாலைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவிழ்த்துப் பார்க்கலாமா என்று நாலு தடவை கை தலைக்குப் போயிற்று, நாலு தடவையும் கீழே இறக்கிக்கொண்டாள். உச்சி வெயில் போயிற்று. மேய்ந்த ஆடுகள் திரும்புகிற நேரம் வந்தது. அப்போதுதான் நுனித் துணியை அவிழ்த்தாள். சீப்பு வைக்கவில்லை. கீழிருந்து ஒவ்வொரு பின்னலாக விரலை விட்டுத் தளர்த்தினாள்.

தோளிலிருந்து முழங்கால்வரை நெளி இறங்கியது. ஒரு முடி அறுந்திருக்கவில்லை, ஒரு நுனி கருகியிருக்கவில்லை. அதே முடி, அதே கறுப்பு, அதே மினுமினுப்பு, முடியின் போக்கில் மட்டும் நெளி வந்திருந்தது. அந்த நேரத்தில் பார்த்திருக்க வேண்டும் அவளை! காலையில் கேலி செய்த இரண்டு பேரும் வாசலோடு போனவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

வடிவு குனிந்தாள். ஒரு கொத்து குழந்தையின் மேல் விழுந்தது. சின்னக் கை மெதுவாக எழுந்தது, அதற்கு அதிகத் தெம்பில்லை. பிடித்தது. நெளி விரல்களுக்கு நடுவே உட்கார்ந்தது. குழந்தை இழுத்துப் பார்த்தது. முடி வழுக்கவுமில்லை, அறவுமில்லை. வடிவு சங்கை வாயில் வைத்தாள். குழந்தை குடித்தது. ஒரு சங்கு, இன்னொரு சங்கு, அதற்கு மேலும் வாயைத் திறந்தது.

ஆடுகளை அடைத்துவிட்டு வந்த சுடலை வாசலில் நின்றான். முதுகுப்புறம் நெளி முடியோடு ஒருத்தி பிள்ளைக்குப் பால் புகட்டுவதைப் பார்த்தான். செண்பகம் செத்த நாளிலிருந்து அழாதவன் அன்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்துவிட்டு, “பால் இன்னுங் கொஞ்சம் கறக்கவா?” என்று கேட்டான்.

மூன்று நாள் கழித்து வடிவு தலைக்குக் குளித்தாள். நெளி அத்தனையும் தண்ணீரோடு போய்விட்டது.

“ஆத்தா, எடுத்துக்கிட்டியே!” என்று ஆற்றிடம் சண்டைக்குப் போனாள்.

“என் ஈரத்துல வந்தது, என் ஈரத்துல போகுது” என்றது ஆறு. “உன் முடியில ஒரு இழை நான் எடுத்திருக்கேனா, பாரு.”

பார்த்தாள். முடி முன்பிருந்தபடியே இருந்தது. நிழலில் உட்கார்ந்து மறுபடி பின்னினாள். அதன் பிறகு குளிக்கிற நாளெல்லாம் பின்னினாள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கற்றுக்கொண்டு போனார்கள். கரடியும் ஒரு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது. பாவம், பின்னுவதற்கு அதன் மேல் ஏதாவது இருந்தால்தானே!

குழந்தை தேறியது, தவழ்ந்தது, எழுந்து நின்றது. ஆனாலும் வடிவுக்குள் ஒரு பயம் மட்டும் போகவில்லை. குழந்தை பிடித்துக்கொள்வது தன்னை அல்ல, அக்காவின் நெளியை என்று நினைத்தாள். நெளி இல்லாத நேரத்தில் அதன் கண்ணில் படவே மாட்டாள். குளித்துப் பின்னி முடித்து, நெளி விழுந்த பிறகுதான் தூக்குவாள். யாரிடமும் இதைச் சொன்னதுமில்லை.

பங்குனியில் ஒரு நாள் அக்கரைக்குப் போய்விட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினாள். நடு ஆற்றில் பாசிக் கல்லில் கால் வழுக்கிவிட்டது. இரண்டு பேரும் தலைமுழுக முங்கி எழுந்தார்கள். மார்பளவுத் தண்ணீர்தான், ஆபத்தில்லை. ஆனால் குழந்தை பயந்து வீறிட்டது. நெளியெல்லாம் போய், வடிவின் முடி நேராக வடிந்து முகத்தோடு ஒட்டிக் கிடந்தது.

குழந்தையின் கை எழுந்தது. விரல்கள் விரிந்து மூடின. அதே தேடல்.

“இரு கண்ணு, இரு. சித்தி இப்பப் பின்னிருதேன். செத்த நேரம் பொறுத்துக்க” என்று வடிவு பதறினாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

ஈர முடியைக் குழந்தை பிடித்தது. வழுக்கியது. மறுபடி பிடித்தது, வழுக்கியது. மூன்றாம் தடவை அது முடியோடு மல்லுக்கு நிற்கவில்லை. நீளமான அந்த நேர் முடியை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, காதோரம் வேரோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. வடிவின் முகத்தை ஒரு முறை பார்த்தது. பிறகு கன்னத்தை அவள் கழுத்தில் வைத்து, அழுகையை நிறுத்திவிட்டது. அவள் கரையேறுவதற்குள் தூங்கியும் போயிற்று.

வடிவு கரையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். முடி தானாகக் காய்ந்து நேராக நின்றது. அன்று அவள் பின்னவில்லை. அதற்குப் பிறகும் பின்னினாள்தான், அழகாக இருக்கிறதே என்று ஆசைக்காக.

வடிவு காலத்திலிருந்துதான் தலைக்குக் குளித்த பெண்கள் பாதி ஈரத்தில் தளரப் பின்னிக்கொள்வதும், அவிழ்த்தால் நெளி நிற்பதும், தண்ணீர் பட்டால் முடி சேதமில்லாமல் பழையபடி ஆகிவிடுவதும் வழக்கமாயின. கைக்குழந்தைகளும் வடிவு ஆற்றில் வழுக்கிய அன்று முதல்தான், தூக்குகிறவளின் முடி நெளியா நேரா என்று பார்ப்பதை விட்டன. எட்டியதைப் பிடித்துக்கொள்கின்றன, இலேசில் விடுவதுமில்லை.